பாறையைவிட்டு இறங்காத ஆள்காட்டி

கருங்காட்டுக் குளத்தில் அன்று பெரிய கூட்டம். நீர்நாய் பேசப்போகிறது என்று மைனாக்கள் விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தன. மான்கள் வந்தன, பன்றிகள் வந்தன, நாரைகள் வந்தன. ஆமைகூட முந்தின நாளே கிளம்பி வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் குளத்துக்கு ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. கரையோரம் ஒரு பெரிய பாறை, அதன் இடுப்பில் ஒரு வெள்ளைக்கோடு. கோடையில் தண்ணீர் வற்றி அந்தக் கோடு வெளியே தெரிந்துவிட்டால், மழை வரும்வரை யாரும் நடுக்கசத்தில் இறங்கக் கூடாது. கசம் என்றால் குளத்திலேயே ஆழமான பள்ளம். மிச்சமிருக்கும் மீனும் தவளையும் அங்கேதான் ஒதுங்கி உயிர் பிழைக்கும். கரையில் நின்று வயிறு முட்டக் குடிக்கலாம். கசத்தை மட்டும் கலக்கக் கூடாது. அந்தக் கோடையில் கோடு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

நீர்நாய் கரையேறி மீசையை உதறிக்கொண்டது. பார்க்க லட்சணமான பிராணி, பேச்சும் அப்படித்தான்.

“எந்தக் காலத்துலயோ யாரோ போட்ட கோடு. அதுக்கு நாம ஏன் பயப்படணும்? கசம் எல்லாருக்கும் பொது. இன்னைக்கே இறங்குவோம்!”

கூட்டம் வாலால் தரையைத் தட்டியது. ஒரு பேச்சு பிடித்துவிட்டால் வாலால் தட்டுவது அந்தக் காட்டு வழக்கம். புழுதி கிளம்பி நாரைகள் தும்மின.

“இறங்கக் கூடாது” என்றது ஒரு குரல்.

எல்லாம் திரும்பிப் பார்த்தன. பாறையடியில் ஓர் ஆள்காட்டிப் பறவை நின்றிருந்தது. ஆபத்தைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுமே, அந்த ஒல்லிக்கால் பறவைதான். சின்ன வயது. அந்த வருடம்தான் முதன்முதலாக முட்டையிட்டிருந்தது. நாலு முட்டை, குளத்தங்கரைக் கட்டாந்தரையில்.

நீர்நாய் சிரித்தது. “இந்த வயசுல இவ்வளவு கிழட்டுப் பேச்சா? தங்கச்சி, உன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் என் பக்கம் நிக்குது, பாரு.”

“நிக்கட்டும் அண்ணே. சின்ன வயசுன்னா பழசையெல்லாம் உடைச்சே ஆகணும்னு சட்டமா? தெக்குக் காட்டுக் குட்டையில கசத்தைக் கலக்கினாங்க. அடுத்த வருஷம் அங்க மீன் இல்ல, தவளை இல்ல. கொசுதான் இருந்துச்சு. மான்குட்டிங்க கொசுக்கடி தாங்காம செத்துச்சு. யாரும் சொல்லிக் கேட்டதில்ல, நானே பறந்துபோய்ப் பாத்தேன்.”

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எங்கோ ஒரு வால் தட்டியது. பிறகு இன்னொன்று.

“மேல ஏறிப் பேசு, கேக்கல” என்றது ஆமை.

ஆள்காட்டிக்குக் கிளையில் உட்கார வராது. அதன் காலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆகவே பாறைமேல் ஏறி நின்று, தொண்டை கிழியப் பேசியது. அன்று யாரும் கசத்தில் இறங்கவில்லை. நீர்நாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போனது.

மறுநாள் முதல் காடெங்கும் ஆள்காட்டி பேச்சுதான். அதற்குக் காரணம் மைனாக்கள். ஒரு மரத்து மைனா கேட்டதை அடுத்த மரத்து மைனாவிடம் ஒப்பிக்கும். பேச்சு காரசாரமாக இருந்தால் மலை தாண்டிப் போகும், சப்பென்று இருந்தால் அதே கிளையில் செத்துவிழும். ஆள்காட்டியின் பேச்சு மலை தாண்டியது. “சின்னப்பிள்ளை, என்ன துணிச்சல்” என்று முகம் தெரியாத முயல்களெல்லாம் வியந்தன. பார்க்கவென்றே பக்கத்துக் காட்டிலிருந்து நரிகள் வந்தன. உண்மையைச் சொன்னால் என்ன, ஆள்காட்டிக்கும் அதெல்லாம் பிடித்திருந்தது. தினமும் காலையில் பாறைமேல் ஏறும்போது கழுத்து தானாக நிமிர்ந்தது.

பன்றிக்கூட்டத்துத் தலைவர் தாமே வந்து சொன்னார். “உன் முட்டைக்கு இனி எங்க காவல். நீ பேசு, அது போதும்.”

ஆள்காட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கூட்டின் முட்டைகளைக் கீரி தின்றுவிட்டுப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பன்றிகள் நிற்கும் பக்கம் கீரி எட்டிக்கூடப் பார்க்காது.

பத்து நாள் போயிற்று. பன்றித் தலைவரும் மூத்த மைனாவும் சேர்ந்து வந்தார்கள்.

“பேச்சு சப்புன்னு இருக்குது” என்றது மைனா. “கசம், கசம்னு எத்தனை நாள் ஒப்பிக்கிறது? கூட்டம் கலைய ஆரம்பிச்சிருச்சு.”

பன்றித் தலைவர் தொண்டையைச் செருமினார். “அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன். வருஷா வருஷம் வெளியூர்லருந்து இந்த நாரைங்க வருது. வடகரைச் சேத்துல வந்து நின்னுக்குது. அங்கதான் எங்க கோரைக்கிழங்கு இருக்கு. ‘வெளியூர்ப் பறவை வடகரையில கால் வைக்கக் கூடாது, இதுவும் பழைய கட்டுப்பாடு’ன்னு நாளைக்குப் பாறைமேல நின்னு சொல்லிடு.”

“அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்துச்சா மாமா?”

“நீ சொன்னா இருந்துச்சு. பழசைப் பத்தி நீ என்ன சொன்னாலும் இந்தக் காடு நம்பும்.”

“நம்புறாங்கன்னுதான் மாமா சொல்ல மாட்டேன்.”

பன்றியின் குரல் மாறியது. “யோசிச்சுச் சொல்லு. அந்த நாலு முட்டைக்குப் பக்கத்துல நிக்கிறது யாருன்னும் யோசிச்சுக்கோ.”

அன்று முழுக்க ஆள்காட்டி இரை எடுக்கவில்லை. முட்டைகளைப் பார்த்தது, பாறையைப் பார்த்தது. ஒரே ஒரு பொய்தான், சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் அதற்கும் தோன்றத்தான் செய்தது.

மறுநாள் குளத்தங்கரையில் கால்வைக்க இடமில்லை. ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று மைனாக்கள் மூட்டிவிட்டிருந்தன. ஆள்காட்டி பாறைமேல் ஏறியது.

“நாரைங்களைத் துரத்துற பழைய கட்டுப்பாடு ஒண்ணு இருக்குன்னு என்னைச் சொல்லச் சொன்னாங்க. அப்படி ஒண்ணு கிடையாது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் நான் பேச வந்தேன். இல்லாததை உண்டாக்குறதுக்கு இல்ல.”

ஒரு வாலும் தட்டவில்லை. பன்றிகள் உறுமிக்கொண்டே எழுந்து போயின. அவற்றின் பின்னால் மான்கள் போயின. “ஆள்காட்டி நாரைங்களுக்கு விலைபோயிருச்சு!” என்று மைனா கத்த, அந்தப் பேச்சு கண்மூடித் திறப்பதற்குள் மலை தாண்டியது.

நீர்நாய்க்கு ஒரே கொண்டாட்டம். நீந்தி வந்து பாறையடியில் நின்றது. “பாத்தியா உன் ஆளுங்களை? வா தங்கச்சி, எங்க பக்கம் வந்துடு. கசத்துக் கட்டுப்பாடும் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லு. எங்க கூட்டம் உன்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கும்.”

“அது தப்பில்லையே அண்ணே. உங்க தோளுக்காக அதைத் தப்புன்னு சொல்லணுமா?”

“அப்ப உனக்கு எந்தப் பக்கமும் ஆளில்ல.”

“இல்லாட்டிப் போகுது.”

ஆள்காட்டி முட்டையண்டை போய் உட்கார்ந்தது. காவல் இல்லை. உச்சி வெயிலில் தரை கொதித்தது. முட்டைச் சூட்டைத் தணிக்க, அதன் துணைப்பறவை மார்பை நனைத்துவரக் குளத்துக்குப் போனது. அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து கீரி வந்தது.

ஆள்காட்டி கத்தியது. காடு அதிரக் கத்தியது. மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. கீரி ஒரு முட்டையைக் கவ்விவிட்டது.

அப்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுத்த உடம்பு கரையேறியது. நீர்நாய். பாதி தின்ற மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தது. அது பல்லைக் காட்டி ஒரு சீறல் சீற, பின்னாலேயே நான்கு நாரைகள் அலகை நீட்டிக்கொண்டு இறங்கின. கீரி கவ்விய முட்டையோடு புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

ஆள்காட்டிக்கு மூச்சு வாங்கியது. “அண்ணே, நீங்க ஏன் வந்தீங்க?”

“உன் பேச்சு எனக்குப் பிடிக்காது” என்றது நீர்நாய். “இனியும் பிடிக்கப்போறதில்ல. ஆனா நீ ஆபத்துன்னு கத்தினா அங்க ஆபத்து இருக்கும். கூட்டம் போனாலும் போகட்டும்னு நேத்திக்கு வரைக்கும் தட்டின வாலையெல்லாம் விட்டவ, இன்னைக்குப் பொய்க்கா கத்துவே?”

மிச்சமிருந்த மூன்று முட்டைகளும் பொரிந்தன. போன ஒன்றை நினைத்து ஆள்காட்டி பல நாள் அழுதது. ஆனாலும் ஒரு நாள் காலையில் மறுபடி பாறைமேல் ஏறியது. கேட்க இருந்தவை ஆமை ஒன்று, நாரை நான்கு.

மூத்த மைனா கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. “அஞ்சு பேருக்கா இவ்வளவு சத்தம்? வெக்கமா இல்ல?”

“முதல் நாள் என் பக்கம் ஒருத்தர்கூட இல்லாமத்தான் பேசினேன்” என்றது ஆள்காட்டி. “கோடு வெளிய தெரியுது! கசத்துல இறங்காதீங்க!”

தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த நீர்நாய் கசத்தின் விளிம்புவரை போனது. அங்கே ஒரு கணம் நின்றது. “இந்த வருஷம் மட்டும்தான்” என்று உறுமிவிட்டுக் கரைப்பக்கம் திரும்பியது.

கூட்டம் தட்டிக்கொடுப்பதற்காகப் பேசுகிறவனின் மதிப்பு கூட்டம் கலையும்போதே போய்விடும், தனியாக நின்றாலும் பொய் சொல்ல மறுக்கிறவனின் குரலை அவனை எதிர்ப்பவனும் நம்புவான்.