மோதிரத்துக்குத் திறக்காத கதவு

மலையடிப்பட்டினத்து அரசர் மகிபாலருக்குக் கோபம் வந்தால் முதலில் மீசை துடிக்கும். அன்று காலை சபையில் இரண்டு பக்க மீசையும் துடித்தது.

நடந்தது இதுதான். அரண்மனையில் வேலை செய்யும் எல்லோரிடமும் சிங்கம் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருக்கும். அதைக் காட்டினால் எந்தக் கதவும் திறக்கும். பூக்கட்டும் தாயனிடமும் அது இருந்தது. "நகை அறையில் இருக்கிற கூடையை வாசலில் கொண்டுவந்து வையுங்கள் அண்ணே, அரசி கேட்கிறார்" என்று எவனோ அவரிடம் சொல்லியிருக்கிறான். தாயனும் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் இருந்த ஒட்டியாணத்தோடு கூடையும் மாயமாகிவிட்டது.

"தாயனை ஊரைவிட்டே துரத்துங்கள்!" என்றார் தலைமை அமைச்சரான பிரதானி நாகராசர். அரண்மனைச் சாவிகள் எல்லாம் தம் இடுப்பில் தொங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"அவர் திருடவில்லை அரசே, ஏமாந்தார்" என்றார் மருதுடையான். சபையில் அவர் ஆலோசகர். வாய் கொஞ்சம் நீளம்.

அரசர் அவரை முறைத்தார். "சரி. தாயன் இருக்கட்டும். ஒரு காவலரைக்கூடப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. ஆனால் இன்னொரு நகை போகக் கூடாது. செய்வீரா?"

"செய்கிறேன் அரசே. கொஞ்சம் சாயம் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்."

சிங்க வில்லைகள் எல்லாம் திரும்ப வாங்கப்பட்டன. பூக்கட்டுகிறவருக்குப் பூ பொறித்த வில்லை, விளக்கேற்றுகிறவருக்கு விளக்கு, தண்ணீர் சுமப்பவருக்குக் குடம் என்று புதிதாகக் கொடுத்தார் மருதுடையான். ஒவ்வொரு கதவிலும், உள்ளே வேலை இருப்பவர்களின் படங்களை மட்டும் வரைந்தார். படம் இருந்தால் போகலாம். இல்லையென்றால் கிடையாது.

தாயனுக்கு முகம் வாடிவிட்டது. "என்னை நம்பவில்லையா ஐயா?"

"உம்மை நம்புகிறேன். உம்மை ஏமாற்ற வருகிறவனைத்தான் நம்பவில்லை. இனி அவன் என்ன கதை சொன்னாலும் நீர் நந்தவனத்துக்கும் பூஜை அறைக்கும்தான் போக முடியும். அவனுக்குக் கிடைப்பது நாலு முழம் மல்லிகை!"

தாயன் சிரித்துவிட்டார்.

முதல் நாள் மாலையே மருதுடையானின் மானம் போயிற்று. அரண்மனை முழுக்க இருட்டு. விளக்கேற்றுகிறவர் அடுப்பங்கரையில்தான் நெருப்பு எடுப்பார். அந்தக் கதவில் விளக்குப் படம் இல்லை!

"இந்தச் சாயத்தை எல்லாம் கழுவித் தள்ளுங்கள்!" என்று இருட்டில் கத்தினார் நாகராசர்.

"கழுவ வேண்டாம். சில நாள் யாரையும் தடுக்காமல், படம் இல்லாத கதவில் யார் நுழைகிறார்கள் என்று பார்க்க மட்டும் செய்வோம்" என்றார் மருதுடையான். அப்படியே பார்த்தார்கள். விட்டுப்போன படங்களை வரைந்தார்கள். பிறகுதான் கண்டிப்பு தொடங்கியது.

நகை அறைக் காவலன் முனையனுக்கு மட்டும் ஒரு பயம். "ஐயா, அரசருடைய மோதிரத்தோடு யாராவது வந்தால்? அதை மறுத்தால் தலை போகுமே!"

"மறுத்துவிடு. கதவைத் திறக்க நினைத்தால் அரசர் சபையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வார், நான் படம் வரைவேன். அதுதான் வழி. அரசரே இதற்குச் சம்மதித்திருக்கிறார். உன் தலைக்கு நான் பொறுப்பு."

ஒரு நாள் அரசர் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தார். நாகராசர் வந்து, "பக்கத்து நாட்டுக்குப் போகும் ஓலையில் முத்திரை வைக்க வேண்டும்" என்றார். அரசர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிரதானி நேராக நகை அறைக்குப் போனார்.

"கதவைத் திற. மோதிரம் கண்ணுக்குத் தெரிகிறதா?"

"நன்றாகத் தெரிகிறது ஐயா" என்றான் முனையன். "கதவில்தான் மோதிரப் படம் தெரியவில்லை."

மறுநாள் சபையில் நாகராசர் குதியாய்க் குதித்தார். "அரச மோதிரத்தையே மறுத்தான்! ராஜத்துரோகம்! இவன் தலையையும், இவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தலையையும் எடுங்கள்!"

அரசரின் மீசை துடிக்க ஆரம்பித்தது. தாம் சம்மதித்தது கோபத்தில் அவருக்கு மறந்தே போயிற்று. முனையன் கைகட்டி நடுங்கினான். மருதுடையான் குரலை நிதானமாக வைத்துக்கொண்டார்.

"தலை போகிற விஷயம் அரசே. பிரதானி நடந்ததை விவரமாகச் சொல்லட்டும்."

சொல்ல நாகராசருக்குக் கசக்குமா? "மோதிரத்தைக் காட்டினேன். 'இது அரசர் கட்டளை, நகை அறையைத் திற' என்றேன்!"

"அரசர் கட்டளை என்றே சொன்னீர்களா? அவன் காதில் விழாமல் இருந்திருக்கலாம்."

"விழாமலா? திரும்பத் திரும்பச் சொன்னேன். தாழ்வாரமே கேட்டது!"

மருதுடையான் அரசர் பக்கம் திரும்பினார். "அரசே, நகை அறையைத் திறக்கத் தாங்கள் கட்டளை இட்டீர்களா?"

அரசர் யோசித்தார். மீசை அப்படியே நின்றது. "நான் எங்கே இட்டேன்? ஓலைக்கு முத்திரை வைக்கத்தானே மோதிரம் கொடுத்தேன்?"

"சும்மா... ஒரு சோதனைக்காக..." என்று இழுத்தார் நாகராசர்.

"முனையன் தங்கள் கட்டளையை மறுக்கவில்லை அரசே. தாங்கள் இடாத கட்டளையைத்தான் மறுத்தான்" என்றார் மருதுடையான். "அன்று தாயன் ஏமாந்தார். இன்று தாங்கள் ஏமாந்தீர்கள். நல்ல வேளை, கதவு ஏமாறவில்லை!"

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி முனையன் கழுத்தில் போட்டார். அதற்கு அப்புறம்தான் அவனுக்கு நடுக்கம் நின்றது.

"மருதுடையாரே, இந்தப் பிரதானியை என்ன செய்யலாம்?"

"அவருக்கும் ஒரு வில்லை தருகிறேன் அரசே. கோட்டை வாசல் கதவில் அவர் படத்தையும் வரைந்துவிடுகிறேன்."

"கோட்டை வாசலிலா? இஷ்டம்போல வந்து போகவா?"

"வருவதற்கு அல்ல அரசே, போக மட்டும்தான். படத்தைக் கதவின் உள்பக்கத்தில் மட்டும் வரைகிறேன்."

அரசர் சிரித்த சிரிப்பில் மீசை அன்று முழுவதும் துடித்துக்கொண்டே இருந்தது.