பையில்லாத காற்சட்டை

தோட்டத்துப் பிள்ளை ஜெயித்தால் வயிறெரியும் பெரிய மனிதர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். கல்மலைத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் பதினாறு வயதுக்குட்பட்டோர் மாகாண ரக்பி இறுதியாட்டத்துக்கு வந்தபோது, தெரிவுக்குழுத் தலைவர் துரைசிங்கம் குறுக்கே நின்றார். எதிரணித் தலைவன் அவருடைய அக்கா மகன்.

"பிறப்புச் சான்றிதழைக் காட்டு. இல்லாட்டி வந்த லொறியிலயே திரும்பி ஏறு."

சான்றிதழ்களை மண்சரிவு அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளோடு வாரிக்கொண்டு போனது துரைசிங்கத்துக்கும் தெரியும்.

தோட்டத்து அணித்தலைவன் மருதவீரன் பணிவாகக் கேட்டான்: "கடதாசி மண்ணுல போயிருச்சுங்க ஐயா. மண்ணுல போகாத சாட்சி கையில இருக்கு. ரெண்டு அணியும் காட்டலாமா?"

"கையிலயா? காட்டுங்கடா, எல்லாரும் பார்க்கட்டும்!" என்று துரைசிங்கம் சிரித்தார்.

தோட்டத்துப் பையன்கள் இடக்கையை நீட்டினார்கள். சேறு மட்டுமே இருந்தது.

"போன வாரந்தானே தேர்தல்? ஓட்டுப் போட்டவங்க சுண்டுவிரல் மை இன்னும் அழியல. எங்கள்ல யாருக்கும் அது இல்ல. இப்ப அந்தப் பக்கம் நீட்டட்டும்."

அக்கா மகன் கையைப் பைக்குள் விடப் பார்த்தான். ரக்பிக் காற்சட்டைக்குப் பை கிடையாது. நடுவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். சுண்டுவிரல் நுனி ஊதா நிறத்தில் இருந்தது.

"ஓட்டுப் போடுற வயசுக்காரனை இறக்கிட்டு, இந்தப் பிள்ளைகளிடம் சான்றிதழ் கேட்க உங்களுக்கு வாய் இருக்கா?" என்றார் நடுவர். அவனை வெளியேற்றிவிட்டு விசில் ஊதினார்.

தோட்டம் ஜெயித்தது. கோப்பை கொடுக்க வந்த துரைசிங்கம் கைகளைப் பைக்குள் வைத்தபடியே நின்றார்.

"வெளிய எடுங்க ஐயா," என்றான் மருதவீரன். "உங்க விரல்ல மை இருந்தா குத்தமில்ல."