சென்னியப்பன் தேடிய வளையல்

“வளையல் வரலீங்க டீச்சர்.”

இதைச் சொல்லும்போது சென்னியப்பனுக்குக் குரல் உடைந்தது.

அறுபத்து நான்கு வயது மனிதர். நூல் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரம் ஓட்டும் தொழிலாளியாக நுழைந்து, பிறகு சொந்தமாக மில் கட்டி, அதை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு வளையலுக்காகப் போத்தனூரில் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் கண் கலங்கி நின்றார்.

ஜெசிந்தா டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் பாடம் நடத்துகிறார். ஆனால் கோயம்புத்தூரில் வீட்டுக்குள் இசையறை கட்டி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேருக்கு அவர்தான் குரு. ஓர் அறைக்குள் நின்று ஒரு தடவை கை தட்டுவார். எந்தச் சுவரில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டில் இருப்பதோ ஒரு பழைய டிரான்சிஸ்டர். அதற்கும் பாதி ஏரியலைக் காணோம்.

“எத்தனை நாளா வரலை?”

“மூணு வருசமாங்க.”

எந்த வளையல் என்று டீச்சர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். சென்னியப்பனைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஓர் இசைத்தட்டோடு பாடுவதை நிறுத்திக்கொண்ட ஓர் அம்மையார். சாவேரி ராகத்தில் ஒரு கீர்த்தனை. நடுவில் ஓரிடத்தில் மிருதங்கமும் வயலினும் ஓய்ந்துவிடும். அம்மையார் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து நிறுத்துவார். அது முடிகிற இடத்தில், தாளம் போடும் கை தொடையில் விழும். கண்ணாடி வளையல்கள் இரண்டு தடவை சிணுங்கும்.

அவ்வளவுதான். பதினோரு வருடங்களுக்கு முன், புதிதாகக் கட்டிய அறையில், சென்னியப்பன் அதை முதன்முதலாகக் கேட்டார். அம்மையார் நேரில் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தார். அன்று அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. அறையில் இருந்ததே ஒரு நாற்காலிதான்.

“ஊசி மாத்துனேன். வயர் மாத்துனேன். ஆம்ப்ளிபயர் மாத்துனேன். கரண்டு சுத்தமா வரோணும்னு தனியா மண்ணுக்குள்ள செம்புக்கம்பி எறக்குனேன். ஸ்பீக்கரே மூணு ஜோடி மாத்தியாச்சுங்க, ஒண்ணுக்கொண்ணு கூர்மையா.”

“ம்.”

“கெழக்குச் செவுருதான் முழுங்குது டீச்சர். வர்ற திங்கக்கெழம இடிக்கறேன். கொத்தனார்கிட்டச் சொல்லியாச்சு.”

“அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“சம்சாரத்தோட தையல் ரூமுங்க. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.”

டீச்சர் ஒரு பல் பூண்டை உரித்து முடித்தார்.

“கூட்டாளிங்க யாராவது வந்து கேட்டாங்களா?”

“வந்தாங்க. எல்லாத்துக்கும் அரை மணி நேரத்துல தலவலி வந்துருது. பொறுமையில்லாத ஆளுங்க.”

டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க நாற்காலியில வேற யாராச்சும் உக்காந்திருக்காங்களா சார்?”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. இது என்ன கேள்வி?

“அதெப்படீங்க? அது என்ற காதுக்கு அளவெடுத்துப் போட்டது.”

“சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன்,” என்றார் டீச்சர்.

*

அளவெடுத்தது என்று அவர் சொன்னது சும்மா பேச்சுக்கு அல்ல. மில்லிலிருந்து நாற்பதாம் நம்பர் நூல் கொண்டுவந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடுவிலிருந்தும் தன் காது வரைக்கும் இழுத்துப் பிடித்து, இரண்டு நூலும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வந்த இடத்தில் நாற்காலியைத் தரையோடு ஸ்குரு போட்டு இறுக்கியிருந்தார். சுவர்களில் துணிக்குப் பின்னால் மில்லின் கழிவுப் பஞ்சு. வாசலுக்கு இரட்டைக் கதவு. உள்ளே போய்ச் சாத்திவிட்டால் கோயம்புத்தூர் என்று ஓர் ஊர் இருப்பதே மறந்துவிடும்.

டீச்சர் அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். நாலு மூலைக்கும் நடந்தார். கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“அறையில குத்தம் இல்லை.”

“அப்ப செவுருதானுங்க?”

“சுவத்துலயும் இல்லை.”

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. குருவிடம் காட்ட முடியாத கோபம். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முழங்கைப் பக்கத்தில் திடீரென்று ஒரு காபித் தம்ளர் நீண்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எத்தன தடவ சொல்றது சாந்தா? பூன மாதிரி வந்து நிக்காதேன்னு!”

அவர் மனைவி சாந்தாமணி தம்ளரை டீச்சர் பக்கம் நீட்டினாள். கொஞ்ச காலமாகவே அவளுக்கு இந்தப் பழக்கம். அரவமே இல்லாமல் வந்து நிற்பாள். ஆனால் வாயைத் திறந்தாலோ அடுத்த தெருவுக்குக் கேட்கும். மில்காரன் பெண்டாட்டி அப்படித்தான் என்று அவரும் விட்டுவிட்டார்.

டீச்சர் தம்ளரை வாங்கிக்கொண்டார். அவர் கண் சாந்தாமணியின் கையிலேயே இருந்தது. கைக்கு ஆறு கண்ணாடி வளையல்கள், பச்சை நிறம்.

டீச்சர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு தம்ளரைத் தரையில் வைத்தார்.

“அக்கா, நீங்க இந்த நாற்காலியில உக்காருங்க.”

சாந்தாமணி கணவரைப் பார்த்தாள். பதினோரு வருடங்களாக அந்த நாற்காலியைச் சுற்றிப் பெருக்கியிருக்கிறாள். உட்கார்ந்ததில்லை.

“அவ நாலு வெரக்கடை குள்ளமுங்க டீச்சர். அளவு தப்பிப்போயிரும்.”

“தப்பட்டும்.”

சாந்தாமணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“பாட்டு நடுவுல ஒரு இடத்துல வளையல் சத்தம் கேக்கும் அக்கா. கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க.”

சென்னியப்பன் இசைத்தட்டைத் துடைத்து ஊசியை இறக்கினார். மூன்று வருடங்களாகத் தனக்கு வராதது இவளுக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்தார். வந்துவிடக் கூடாதே என்றும் உள்ளே ஒரு மூலையில் நினைத்தார். பாவி மனம்.

பாட்டு தொடங்கியதும் சாந்தாமணியின் தோள்கள் காதுவரை ஏறின. கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டீச்சர் போய்ச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு இன்னும் குறைத்தார்.

“இவ்வளவு கொறச்சா ஒண்ணுமே கேக்காதுங்க!”

டீச்சர் விரலை உதட்டில் வைத்தார்.

சாந்தாமணியின் தோள்கள் மெதுவாக இறங்கின. நுனியில் இருந்தவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பெண்பிள்ளைக்கு இப்படியொரு முகம் உண்டா என்று சென்னியப்பன் பார்த்தார்.

மிருதங்கம் ஓய்ந்தது. வயலின் ஓய்ந்தது. அம்மையார் அந்தச் சுரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

சென்னியப்பன் மூச்சை அடக்கினார். சுரம் முடிந்தது. ஒன்றுமில்லை. வழக்கம்போல வெறும் மௌனம்.

சாந்தாமணியின் கை மேலே போயிருந்தது.

“பொய் சொல்லாதே சாந்தா.”

“நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? ரெண்டு வாட்டி வந்துச்சு. சன்னமா.”

“திரும்பி உக்காரு. ஊசியப் பாக்காதே.”

ஸ்குரு போட்ட நாற்காலி திரும்பவில்லை. அவள்தான் முகத்தைப் பின்புறம் திருப்பிக்கொண்டாள். அவர் ஊசியைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் வைத்தார்.

அதே இடம். அதே மௌனம். அதே கை.

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார்.

தூக்கிய கையில் பச்சை வளையல்கள் மணிக்கட்டிலிருந்து சரிந்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முழங்கைப் பக்கம் இறங்கின. எட்டடி தூரம். குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று ஊரெல்லாம் அவர் பெருமையடித்த அறை.

சென்னியப்பனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் பக்கத்தில் போனார். குனிந்தார்.

“கைய ஆட்டு.”

சாந்தாமணி ஆட்டினாள்.

“இன்னும் வேகமா.”

ஆட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் காதோடு வைத்தார். வலது காது. பிறகு இடது காது. வளையல்கள் காது மடலில் குளிர்ச்சியாகப் பட்டன.

இருபத்தாறு வருடங்கள். எட்டு மணி நேர ஷிப்டு. வரிசை வரிசையாக இரையும் ரிங் பிரேம்கள். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்ன மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அந்தப் பஞ்சு இப்போது சுவரில் இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உனக்குத் தெரியுமா சாந்தா?”

“தெரியுமுங்க.”

“எப்ப இருந்து?”

“நாலஞ்சு வருசம் இருக்கும். நான் வர்றது உங்களுக்குத் தெரியாமப் போச்சு. அப்பறந்தான் சத்தமாப் பேச ஆரம்பிச்சேன்.”

“ஏன் சொல்லுல?”

சாந்தாமணி முந்தானையை விரலில் சுற்றினாள்.

“மில்லுதான் பையன் கைக்குப் போயிருச்சு. பாட்டு ஒண்ணுதான் இருந்துச்சு உங்களுக்கு. அதையும் நானே எப்படீங்க புடுங்குவேன்?”

சென்னியப்பன் அழுதார். பதினோரு வருடங்களுக்கு முன் அழுத அதே இடம். இந்த முறை இரண்டு பேர் பார்த்தார்கள். அவர் மறைக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

“காதுக்கு மெசினு வெச்சா வருமுங்களா?”

“வெச்சுக்கங்க. பேச்சு தெளியும். அக்கா கத்த வேண்டியதில்லை.”

“வளையல்?”

“வரும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“அப்ப இனி நான் எப்படீங்க கேக்கறது?”

டீச்சர் அறையைச் சுற்றிலும் பார்த்தார், எதையோ தேடுகிறவர் போல. மூலை மூலையாகத் தேடினார்.

“இங்க இன்னொரு நாற்காலி இல்லையா?” என்றார்.

கேட்டுவிட்டுக் காலி தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது இரண்டு கதவையும் சாத்தவில்லை.

*

சென்னியப்பன் எழுந்து பின்னாலேயே போனார். தையல் அறையில் ஸ்டூல் ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது.

தையல் அறை காலியாக இருந்தது.

இயந்திரம் சமையலறைக்குப் போகும் வழியில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன்மேல் மடித்து வைத்த ரவிக்கைத் துணிகள், அடியில் ஸ்டூல். திங்கட்கிழமைக்கு முன்னாலேயே அவள் காலி செய்துவிட்டிருந்தாள். எப்போது நகர்த்தினாள் என்று அவருக்குத் தெரியாது. இரும்புக் கால் தரையில் உராய்ந்த கோடு மட்டும் நீளமாக இருந்தது.

அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார். நாலு வார்த்தைதான் பேசினார்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது சாந்தாமணி நாற்காலியிலிருந்து எழப்போனாள்.

“உக்காரு.”

“உங்க எடமுங்க.”

“உக்காரு சாந்தா.”

ஸ்டூலை நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். எந்த நூலும் எந்த அளவும் பார்க்கவில்லை. ஊசியைத் தட்டின் தொடக்கத்தில் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். திறந்த கதவு வழியாக டீச்சர் குழாயடியில் தம்ளர் கழுவுவது தெரிந்தது.

அவர் மனைவியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். வளையல்கள் மேல் உள்ளங்கை பதிந்தது.

அம்மையார் பாடினார். குரல் அவருக்குக் கேட்டது. மிருதங்கம் கேட்டது. மிச்சத்துக்கு அவர் சாந்தாமணியின் முகத்தைப் பார்த்தார்.

“இப்ப என்ன வருது?”

“அந்தம்மா மூச்சு இழுக்கறாங்க.”

“இப்ப?”

“பக்கத்துல யாரோ பக்கம் பொரட்டறாங்க, காயிதத்துல.”

பதினோரு வருடங்கள் கேட்ட தட்டு. அந்தக் காகிதத்தை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மிருதங்கம் ஓய்ந்தது. வயலின் ஓய்ந்தது. சுரம் நீண்டு, நீண்டு, முடிந்தது.

அவர் கைக்குள் அவள் கை இரண்டு தடவை அசைந்தது.