பீர்க்கங்கூட்டு வேலி

கதையைத் தப்பா சொல்லிடுவேனோன்னு எனக்கு இப்பவே பயமா இருக்கு, தேனு. உங்கம்மா புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுவா. அத்தை அஞ்சாவதோட நின்னவ. நடுவுல எதையாவது விட்டுட்டேன்னு வை, காலையில நீ எல்லார்கிட்டயும் போய் எங்க அத்தைக்குக் கதையே தெரியலன்னு சொல்லிடுவே. சொல்ல மாட்டியே? சரி. நீ முட்டை அட்டையைக் கவுத்து மலை கட்டி, பேஸ்ட் மூடியில கோபுரம் வச்சு, சிப்பாய் பொம்மையெல்லாம் வரிசையா நிறுத்திட்டு வந்து படுத்திருக்கே. நான் கூட்டாம தாண்டித்தான் வந்தேன். அதனால அந்த மாதிரிக் கதையே சொல்றேன். ம் கொட்டிக்கிட்டே வரணும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தா. பேரு முப்பிடாதி. இடி இடிச்சா நெல்லுக் குதிருக்குப் பின்னாடி போய் உக்காந்துக்குவா. பூனை குதிச்சா பாய்க்குள்ள சுருண்டுக்குவா. கொல்லைப் பக்கம் போகணும்னாகூட புருஷன் சொரிமுத்து விளக்கைப் பிடிச்சுக்கிட்டு கூட வரணும். "ஏட்டி, ராசா சேனைக்குக்கூட இத்தனை காவல் கிடையாதுட்டி"ன்னு அவன் சிரிப்பான். ஆனா வருவான்.

அந்த ஊரு பேரு கீழக்கோட்டை. பக்கத்துலயே மேலக்கோட்டை. ரெண்டு ராஜாவும் சண்டை போட்டுப் போட்டு அலுத்துப் போயிட்டாங்க. அப்போ ரெண்டு ஊருக்கும் மருந்து குடுக்கிற வைத்தியர் ஒருத்தர் சொன்னாரு: "இனிமே ஆளு வெட்டிக்க வேண்டாம். எனக்குக் கட்டு கட்டிக் கை ஓஞ்சு போச்சு. ஒரு பெரிய பலகையைப் போடுங்க. ஆளுக்குப் பாதி. அவங்கவங்க பாதியில மலை, காடு எல்லாம் சின்னதாச் செஞ்சு வைங்க. விரல் உயரத்துக்கு மண்ணுல இருபது இருபது சிப்பாய். அதுல சண்டை போடுங்க"ன்னு.

ம்.

எப்படிப் போடணும்னா, தாயக்கட்டையை உருட்டணும். எத்தனை விழுதோ அத்தனை விரற்கடை பொம்மையை நகர்த்தலாம். பொம்மையோட இடுப்பு உயரம் வரைக்கும் ஏறலாம், அதுக்கு மேல இருந்தா ஏறக் கூடாது. மலைக்குப் படி வெட்டியிருந்தா அது வழியா ஏறிக்கலாம். அடிக்கணும்னா என்ன பண்ணணும் தெரியுமா? வைத்தியர் ஒரு பப்பாளிக் காம்பு வச்சிருப்பாரு. உள்ளே ஓட்டையா இருக்குமே, அது. அதை அடிக்கிற பொம்மையோட தலைக்குப் பக்கத்துல வச்சு, குனிஞ்சு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரு. எதிரிப் பொம்மையோட தலையும் மாரும் சேர்ந்து தெரிஞ்சா, "தெரியுது"ம்பாரு. அந்த எதிரி டொக்குன்னு விழுந்துடுவான். தெரியலன்னா அடி கிடையாது. பொழுது சாயும்போது யாருக்கு அதிகப் பொம்மை நிக்குதோ அவங்க ஜெயிச்சாங்க.

மொத்தம் மூணு ஆட்டம், மூணு பௌர்ணமிக்கு. அதுல ரெண்டு ஆட்டம் தோத்த ஊரு, வீட்டுக்கு ஒரு ஆம்பளையை அனுப்பணும். ஜெயிச்ச ஊருக்குப் பன்னெண்டு வருஷம் கோட்டை கட்டிக் குடுக்கணும்.

முப்பிடாதி வீட்டுல ஒரே ஒரு ஆம்பளைதான். பன்னெண்டு வருஷம் அவன் போயிட்டா, அவ தனியா அந்த வீட்டுல இருக்கணும். அதை நினைச்சாலே அவ குதிருக்குப் பின்னாடி போயிடுவா.

ம்.

முதல் ஆட்டம். மேலக்கோட்டைக்காரங்க வெள்ளியில மலை கொண்டாந்தாங்க, வளைஞ்சு வளைஞ்சு படி வச்சு. சந்தனத்துல மரம். கண்ணாடியில ஆறு. கண்ணு கூசுது. நம்ம ஊரு அரண்மனைத் தச்சரும் சும்மா இல்ல, தேக்குல ஒரு மலையை இழைச்சு, எண்ணெய் பூசி, முகம் தெரியிற மாதிரி மினுக்கிக் கொண்டாந்தாரு. எல்லாரும் ஆகா ஆகான்னாங்க. ஆட்டம் ஆரம்பிச்சுது. மேலக்கோட்டைப் பொம்மை வெள்ளி மலை உச்சியில ஏறி நின்னுது. வைத்தியர் காம்பை வச்சுப் பார்த்தாரு. "தெரியுது." டொக். "தெரியுது." டொக். "இவனும் தெரியுறான்." டொக். உச்சி வெயிலுக்குள்ள நம்ம ஆளு இருபது பேரும் காலி.

விழுந்த பொம்மையைப் பொறுக்கிக் கூடையில போடுறது சொரிமுத்துவோட வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தான்.

"என்னங்க, சாப்பிடல?"

"பாவம்ட்டி அந்தப் பொம்மைங்க. அவ்வளவு அழகான மலை, ஒளிய ஒரு இடம் இல்ல."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தா. "ஒளியவா? ஒளியத்தானா இடம் வேணும்?"

"ஆமா."

"அது எனக்குத் தெரியுங்க. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

ம்.

அப்புறம் ரெண்டு பேரும் ராஜாகிட்ட போனாங்க. அவ சொரிமுத்து முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே பேசினா. ராஜா எட்டி எட்டிப் பார்க்கிறாரு, குரல் மட்டும் வருது.

"அடுத்த ஆட்டத்துக்கு நான் செய்யறேன் சாமி. எனக்கு ஒரு பொம்மை மட்டும் குடுங்க."

"வெள்ளி எவ்வளவு வேணும்?"

"வெள்ளி வேண்டாம் சாமி. மினுக்குனா மாட்டிக்குவோம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா கஜானாவுலயும் வெள்ளி இல்ல. அதனால சரின்னுட்டாரு.

பொம்மையை வாங்கிட்டு வந்தா. வீட்டுல என்ன இருக்குன்னு பார்த்தா. உடைஞ்ச பானை ஓடு, அது பாறை. பழைய தேங்காய்க் கயிறைப் பிரிச்சா, அது புதர். கொட்டாங்குச்சியைக் கவுத்தா, அது குடிசை. விளக்குமாத்து ஈர்க்குச்சியை ஒடிச்சா, அது வேலிப் படல். மரத்தூளை மஞ்சள்லயும் நீல அவுரிச் சாயத்துலயும் பிரட்டிக் காய வச்சா, பச்சைப் பசேல்னு புல்லு. கிழிஞ்ச சேலையைக் கஞ்சியில முக்கி, வைக்கோல் சுருட்டு மேல போத்திக் காய விட்டா, மொடமொடன்னு மேடு. காசு ஒண்ணும் செலவில்ல, தேனு. நீ முட்டை அட்டை எடுத்தே பாரு, அந்த மாதிரி.

ஆனா செய்யும்போது அவ நின்னுக்கிட்டு செய்யல. உக்காந்துக்கிட்டும் செய்யல. கன்னத்தைத் தரையில வச்சுக் குப்புறப் படுத்துக்கிட்டா. பொம்மையோட கண்ணு எந்த உயரத்துல இருக்கோ, அந்த உயரத்துல தன் கண்ணை வச்சுக்கிட்டா. "அங்கேருந்து ஒருத்தன் வர்றான், நீ எங்கே ஓடுவே? இந்தப் பாறைக்குப் பின்னாடியா? தலை தெரியுதே, இன்னும் ஒரு ஓடு வைக்கிறேன் இரு." பொம்மைகிட்ட இப்படிப் பேசிக்கிட்டே செஞ்சா. ஒளிஞ்சா மட்டும் போதாது, யார் வர்றான்னு பார்க்கணுமே, பார்க்கலன்னா இன்னும் பயம். அதனால ஒவ்வொரு மறைவுலயும் ஊசிக் கண்ணு மாதிரி ஒரு ஓட்டை விட்டா. கிட்ட இருந்து பார்த்தா ஊரே தெரியும். எட்ட இருந்து பார்த்தா ஓட்டையே தெரியாது.

ம்.

முதல் தடவை செஞ்சு முடிச்சு, காய வச்சா. மறுநாள் பார்த்தா சரசரசரன்னு சத்தம். சேலை மேடு முழுக்கக் கட்டெறும்பு. அரிசிக் கஞ்சியில ஒட்டினா எறும்பு விடுமா? மேடு தொள தொளன்னு விழுந்துடுச்சு. அழுதா.

அப்புறம் ரெண்டாம் தடவை செஞ்சா. கூழாங்கல்லுக்குப் பதிலா கேழ்வரகை ஒட்டினா. பார்க்க அசல் கல்லு மாதிரியே இருந்துச்சு. அப்போ வந்துச்சு அடுத்த வீட்டுக் கோழி. கொக் கொக் கொக். கல்லையெல்லாம் தின்னுட்டு, மலையைக் காலால பர்ர் பர்ர்னு கிளறிட்டுப் போயிடுச்சு. பௌர்ணமிக்கு அஞ்சே நாள்.

"விடுட்டி, போற இடத்துல மூணு வேளை சோறாவது போடுவாங்க"ன்னான் சொரிமுத்து.

அவ எந்திரிச்சா. விடுவிடுன்னு போய் புளியங்கொட்டையை வறுத்து, தோலு போக்கி, இடிச்சு, வேப்பிலை வேகவச்ச தண்ணியை ஊத்திக் காய்ச்சினா. கசக்கிற பசை. எறும்பு கிட்ட வரல. கேழ்வரகுக்குப் பதிலா ஆத்து மணலு. கோழி வந்து ஒரு கொத்து கொத்திட்டு, தலையை உதறிக்கிட்டுப் போயிடுச்சு. மூணாம் தடவை செஞ்சது நின்னுது.

தூங்கிட்டியா?

இல்ல. ம்.

ரெண்டாவது ஆட்டம் வந்துச்சு. மேலக்கோட்டை ராஜா நம்ம பாதியைப் பார்த்தாரு. "என்னய்யா இது, குப்பையைக் கொட்டி வச்சிருக்கீங்க? கூட்டிட்டு வாங்க, அப்புறம் ஆடுவோம்"னாரு. அவங்க ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க. நம்ம ராஜா முகம் செத்துப் போச்சு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. கட்டை உருண்டுது, கலகலகல. மேலக்கோட்டைப் பொம்மை அஞ்சு, வெள்ளி மலை உச்சியில ஏறி ஜம்முன்னு நின்னுது. வைத்தியர் காம்பை வச்சுப் பார்த்தாரு.

"தெரியல."

"நல்லாப் பாருங்க வைத்தியரே."

"பார்த்தேன். கல்லு தெரியுது, புதரு தெரியுது. ஆளு தெரியல."

அடுத்தது நம்ம முறை. வைத்தியர் இந்தப் பக்கம் வந்து, ஒரு பானை ஓட்டுக்குப் பின்னாடி காம்பை நீட்டினாரு. சின்ன ஓட்டை வழியாப் பார்த்தாரு. "அடேங்கப்பா. உச்சியில நிக்கிற அஞ்சு பேரும் தெரியுறாங்க. இடுப்புத் துணி நிறம்கூடத் தெரியுது."

டொக். அடுத்த முறைக்கு டொக். அதுக்கடுத்து டொக். கண்ணாடி ஆத்தைத் தாண்டி வந்தவனும் டொக். சந்தன மரம் ஒல்லியா அழகா இருந்துச்சு, அதுக்குப் பின்னாடி நின்னவனோட தலையும் மாரும் ரெண்டு பக்கமும் பிதுங்கித் தெரிஞ்சுது, டொக். பொழுது சாயும்போது அவங்க பக்கம் ஒருத்தன்கூட நிக்கல. நம்ம பக்கம் பத்தொன்பது பேரு. ஊரே கொட்டு அடிச்சுது, டண்டணக்க டண்டணக்க. முப்பிடாதியைக் காணோம். தேடினா பலகைக்கு அடியில உக்காந்திருக்கா, கொட்டுச் சத்தம் பயமா இருக்காம்.

ம்.

இப்போ ஆளுக்கு ஒண்ணு. மூணாவது ஆட்டம்தான் முடிவு. அதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரு, அதைச் சரியா சொல்லணும். பலகையில இருக்கிறதை யாரும் மாத்தக் கூடாது. ஆளுக்கு ஒரு முறம் சாமான் மட்டும் புதுசா சேர்க்கலாம், பலகையில எங்க வேணும்னாலும். அதுக்கு முன்னாடி சோழி போட்டு, ஜெயிச்சவங்க எந்தப் பாதி வேணுமோ எடுத்துக்கலாம்.

சோழியைப் போட்டாங்க. மேலக்கோட்டைக்கு விழுந்துச்சு.

மேலக்கோட்டை ராஜா மீசையைத் தடவிக்கிட்டு, "அந்தக் குப்பைப் பக்கத்தை எனக்குக் குடுங்க"ன்னாரு.

எப்படி இருக்கும்? அவ செஞ்ச மறைவெல்லாம் எதிரிக்கு. நம்ம பொம்மைங்க மொட்டை வெள்ளியில நிக்கணும். சொரிமுத்து, அப்பவே கிளம்புற மாதிரி துண்டை உதறித் தோள்ல போட்டான். அதைப் பார்த்ததும் முப்பிடாதி அந்தத் துண்டு முனையைப் பிடிச்சுக்கிட்டா. தான் விட்ட ஓட்டை ஒவ்வொண்ணும் அவளுக்குத் தெரியும். எதுலேருந்தும் தப்ப முடியாது.

மேலக்கோட்டை ராஜா தன் முறத்துல வெள்ளிக் கொடி கொண்டாந்து, அங்கங்கே நட்டு வச்சாரு. அவருக்கு வேற எதுவும் தேவைப்படல. அப்புறம் நம்ம முறை. ராஜா அவளைப் பார்த்தாரு. அவ முறத்துல என்ன இருந்துச்சுன்னா, பீர்க்கங்கூடு. முத்திக் காஞ்ச பீர்க்கங்காயைத் தோலு உரிச்சா உள்ளே நாரா இருக்குமே, முதுகு தேய்ப்போமே, அது. காட்டுக்கு வேணும்னு துண்டு துண்டா வெட்டி வச்சிருந்தா.

அவ அதைக் காடாக்கல. பலகை நடுவுல, ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல, ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் வரைக்கும் நெட்டுக்குத்தா நிக்க வச்சா. பொம்மை உயரத்துக்கு ரெண்டு மடங்கு வேலி, யாரும் ஏறித் தாண்ட முடியாது. இடுக்கு ஓட்டையில எல்லாம் கயித்து நாரைத் திணிச்சா, திணி திணின்னு திணிச்சா.

ஆட்டம் ஆரம்பிச்சுது. கலகலகல. மேலக்கோட்டை ராஜா, "பாருங்க"ன்னாரு. வைத்தியர் குனிஞ்சாரு. "தெரியல." நம்ம முறை. "தெரியல." மறுபடி அவங்க. "நார்தான் தெரியுது."

அப்போ நம்ம ராஜாவுக்கு ஆசை வந்துடுச்சு. வெள்ளி மலைதான் வேலியை விட உயரமாச்சே, உச்சியில ஒருத்தனை ஏத்தினா எட்டிப் பார்த்து அடிச்சிடலாமேன்னு ஒரு பொம்மையைத் தூக்கினாரு. ஒரே ஒரு பொம்மை.

முப்பிடாதி வந்தா. புருஷன் முதுகை விட்டுட்டு, எல்லாரும் பார்க்க வந்து, ராஜா கையிலேருந்து அந்தப் பொம்மையைப் பிடுங்கிக்கிட்டா.

"ஏட்டி, ராசா கைட்டி"ன்னான் சொரிமுத்து.

"இருக்கட்டும். உச்சியில நின்னா நாம மட்டுமா பார்ப்போம் சாமி? அங்கே இருபது ஓட்டை இருக்கு. நான் போட்ட ஓட்டை. இவனை ஒருத்தன் பார்த்தாப் போதும், எங்க வீட்டு ஆளு போயிடுவான். அனுப்ப மாட்டேன். கீழேயே நிக்கட்டும்."

சொல்லிக்கிட்டே அந்தப் பொம்மையை மலை அடியில நிறுத்தி, கையால மறைச்சுக்கிட்டா. ராஜா அவளைப் பார்த்தாரு, வேலியைப் பார்த்தாரு. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு.

அப்புறம் என்ன. கலகலகல, தெரியல. கலகலகல, தெரியல. மேலக்கோட்டை ராஜா பொறுக்க முடியாம, தானே காம்பைப் பிடுங்கி, பலகையில தாடையை வச்சு, பின்னாடியைத் தூக்கிக்கிட்டுப் பார்த்தாரு. தலைப்பாகை கழண்டு உருண்டு போச்சு. தச்சர் சிரிச்சாரு, அப்புறம் மேலக்கோட்டைச் சேவகங்களே வாயைப் பொத்திக்கிட்டாங்க. பொழுது சாஞ்சுது. வைத்தியர் எண்ணினாரு. அந்தப் பக்கம் இருபது, இந்தப் பக்கம் இருபது.

"மூணு ஆட்டம் முடிஞ்சுது. யாரும் ரெண்டு தோக்கல. யாரும் யாருக்கும் ஆளு அனுப்ப வேண்டாம். எனக்கு முதுகு வலிக்குது, நான் வீட்டுக்குப் போறேன்"னாரு வைத்தியர்.

கீழக்கோட்டைப் பொம்பளைங்க குலவை போட்டாங்க பாரு, உலுலுலுலுன்னு, மேலக்கோட்டை வரைக்கும் கேட்டுச்சாம். அங்கேயும் வீட்டுக்கு ஒரு ஆம்பளை மிஞ்சினானே, அவங்களும் பதிலுக்குப் போட்டாங்களாம்.

ம்...

எல்லாரும் கொட்டு அடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள போயிட்டாங்க. முப்பிடாதி மட்டும் போகல. அடுத்த வருஷம் மறுபடி ஆட்டம் வச்சு, யாராவது அந்த வேலியை எடுத்துட்டான்னா? அந்த நினைப்பு அவளை விடல. சொரிமுத்துவை விளக்கைப் பிடிக்கச் சொன்னா. பசைச் சட்டியை எடுத்தா. ஒவ்வொரு பீர்க்கங்கூட்டுக்கு அடியிலயும் பசையை வழிச்சு, அழுத்தி, பலகையோட ஒட்டினா. ஒண்ணு விடாம, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும்.

பசை காஞ்சுது, கதை ஓஞ்சுது. கண்ணை மூடிக்கோ, தேனு, தூங்கு.