அரைக்காணிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் விழுந்த துண்டு

அரைக்காணிப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அந்த ஊரில் உள்ள சிக்கலே அதுதான். காதில் எது விழுந்ததோ அதை ஓர் எழுத்துக் குறையாமல் செய்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

ஒருமுறை மருத்துவ முகாமுக்கு வந்த நர்ஸம்மா, பலசரக்குக் கடை பூலுடையாரிடம், "ரத்தக்கொதிப்பு இருக்கு. உப்பைக் குறைங்க" என்றார். மறுநாளிலிருந்து பூலுடையார் காலையில் எழுந்ததும் உப்பு ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வாசலில் கொட்டுவார். ஜாடிக்குள் எட்டிப் பார்த்து, "குறைஞ்சிருக்கு" என்று மனைவியிடம் திருப்தியாகச் சொல்வார். அப்புறம் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை வழக்கம்போல ஊற்றிச் சாப்பிடுவார்.

ஆவுடையம்மாள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியானதும் இந்த வழியில்தான். பெற்றோரை வரிசையாக நிற்கவைத்து, தலைமையாசிரியை ஜெபக்கனி டீச்சர், "பொறுப்பெடுத்துக்க யாராவது ஒருத்தர் முன்னால வாங்க" என்றார். டீச்சர் சொல்கிறாரே என்று ஆவுடையம்மாள் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். வீட்டுக்குப் போன பிறகு, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் பரமு சொல்லித்தான் தானே தலைவி என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து அவள் அந்தப் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொண்டதே கிடையாது.

பள்ளிக்கூடம் ஒரே ஒரு ஓட்டுக் கட்டடம். நாற்பத்திரண்டு பிள்ளைகள். மழை பெய்தால் பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். இன்னும் பலமாகப் பெய்தால் எல்லோரும் டீச்சருடைய மேசைக்கு அடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் டீச்சர் குழுவைக் கூட்டினார். கையில் கல்வி அலுவலகக் கடிதம்.

"இந்த வருஷம் பட்ஜெட்ல பெரிய துண்டு விழுந்திருச்சாம். கூரைக்கு அவங்களால முழுசாத் தர முடியாதாம். விழுந்த துண்டுல ஒரு பங்கை ஊர்க்காரங்கதான் ஈடுகட்டணும். இல்லைன்னா மழைக்காலத்துக்கு முன்னாடி இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிட்டுப் பிள்ளைகளைக் கீழக்குறிச்சியில சேர்த்துருவாங்க."

கீழக்குறிச்சிக்கு நாலுவழிச் சாலையைக் கடந்து போகவேண்டும். லாரிகள் ஆளைப் பார்த்து நிற்கிற சாலை இல்லை அது. பரமு அதைத் தாண்டி ஓடுவது ஆவுடையம்மாளின் கண்முன் வந்தது. ஏதோ கேட்க வாய் திறந்தாள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. டவுனுக்குப் போகும் கடைசி பஸ். டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

குழு கலையவில்லை. கவலையோடு உட்கார்ந்து யோசித்தது.

"துண்டு விழுந்திருச்சுன்னாகளே, யாரு துண்டு?" என்று கேட்டார் டீக்கடை வெயிலுமுத்து.

"பட்ஜெட்டு துண்டு" என்றார் பூலுடையார்.

"பட்ஜெட்டுங்கது யாரு?"

"பெரிய அதிகாரியா இருக்கும். வருஷத்துக்கு ஒருக்க டிவியில வருவாருன்னு சொல்லுவாக."

"அவரு தோள்ல கிடந்த துண்டு விழுந்தா அவரே எடுத்துக்கிட வேண்டியதுதான?"

"அம்புட்டுப் பெரிய அதிகாரி குனிவாரா வே?"

குனியமாட்டார் என்பது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

"பெரிய துண்டுன்னு வேற சொன்னாக. குத்தாலத் துண்டா, தேங்காப்பூத் துண்டா?"

"தேங்காப்பூவாத்தான் இருக்கும். அதான் அதை வாங்கின செலவுல கூரைக்குப் பணம் இல்லாமப் போச்சு."

ஆவுடையம்மாள் நெடுநேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணாச்சி, நாம வீட்டுக்கு ஒரு துண்டு போடுவோம். ஆனா டீச்சர் துண்டைக் குடுக்கணும்னு சொல்லல. கட்டணும்னுதான் சொன்னாக."

"எங்க கட்ட?"

"பள்ளிக்கூடத்துக்காக விழுந்தது. பள்ளிக்கூடத்துலதான் கட்டணும்."

திங்கட்கிழமை காலை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தொண்ணூற்று மூன்று துண்டுகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டுப் பள்ளிக்கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தன. கதவும் அந்தக் கட்டுக்குள் இருந்ததால் பிள்ளைகள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஈடு கட்டியாச்சு டீச்சர்" என்றாள் ஆவுடையம்மாள். "இறுக்கம் பத்தாதுன்னா இன்னொரு சுத்து சுத்திருதோம்."

டீச்சருக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. பிறகு மெதுவாக விளக்கினார். துண்டு விழுந்தது என்றால் பணம் குறைகிறது என்று அர்த்தம். பணம்.

"பணம்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்லா டீச்சர்" என்றாள் ஆவுடையம்மாள், குற்றமாக இல்லை, வருத்தமாக. "அம்புட்டுப் பணத்துக்கு நாங்க எங்க போவோம்?"

"கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தா முடியும்மா. எங்க அம்மா என்ன, பணக்காரியா? வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் என்னைப் படிக்கவெச்சாங்க."

ஊரே அந்தத் தாயை நினைத்துக் கண் கலங்கியது. பூலுடையார் மட்டும் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த துண்டுகளைப் பார்த்தார். "நல்லவேளை, துண்டு கைவசம் இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் அரைக்காணிப்பட்டியில் ஆண், பெண் எல்லோரும் வாயை ஒரு துண்டாலும் வயிற்றை ஒரு துண்டாலும் கட்டிக்கொண்டார்கள். துண்டு பற்றாதவர்கள் பழைய சேலையைக் கிழித்தார்கள். பிள்ளைகள் பாடம் சொல்லவேண்டியிருந்ததால் அவர்களுக்கு மட்டும் விலக்கு. பெரியவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயை மட்டும் அவிழ்த்துச் சாப்பிடலாம் என்று குழு சலுகை அளித்தது.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். வாய் கட்டியிருந்ததால் யாரும் டீ குடிக்கவில்லை. பீடி பிடிக்கவில்லை. வடை, முறுக்கு, வெற்றிலைபாக்கு எதுவும் விற்கவில்லை. போன் பேச முடியாததால் ரீசார்ஜும் கிடையாது. தெருக் குழாயடியில் இரண்டு தலைமுறையாக நடந்துவந்த சண்டை பாதியில் நின்றுபோனது. வெயிலுமுத்துவின் டீக்கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. ஆனால் அவரும் வாயைக் கட்டியிருந்தபடியால் தன் நஷ்டத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மிச்சமான காசையெல்லாம் தினமும் ஆவுடையம்மாள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் போட்டார்கள். பதினைந்தாம் நாள் குடம் நிறைந்தது. டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவரும் வாயைக் கட்டிக்கொண்டாரோ என்று ஆவுடையம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரம் கல்வி அலுவலர் ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். அவர் போகிற ஊரிலெல்லாம் கூட்டம் என்றால் கூச்சல்தான். போன மாதம் ஓர் ஊரில் மைக்கையே பிடுங்கிவிட்டார்கள். இங்கே இருநூறு பேர் கைகட்டி, வாய்கட்டி, வயிறும் கட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் இப்படி வாயைக் கட்டியிருக்காங்க?" என்று டீச்சரிடம் மெல்லக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்காகத்தான் சார்" என்றார் டீச்சர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அலுவலர் எழுந்து, "கூரை வேலையை ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் இதைப் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த ஊர் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இனிமே நீங்க எல்லாரும் ஒண்ணு சேர்ந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தோள் கொடுக்கணும். அது போதும் எனக்கு" என்று தழுதழுத்தபடி ஜீப்பில் ஏறினார்.

சனிக்கிழமை விடுமுறை. வேலையில்லாதவர், வேலையை விட்டவர் எல்லோரும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கூடினார்கள். வாய்க்கட்டை அவிழ்த்தாயிற்று. அதனால் விவாதத்துக்குக் குறைவில்லை.

"எந்தத் தோள் குடுக்கணும்? வலதா, இடதா?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"வலதுதான் மரியாதை."

"உள்ள நின்னு குடுக்கணுமா, வெளிய நின்னா?"

"சாவி டீச்சர்ட்ட இருக்கு. வெளிய நின்னே குடுப்போம்."

எண்பது பேர் வரிசையாக வலது தோளைச் சுவரில் வைத்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் முன்னால் நின்றவர்களுக்குத் தோள் கொடுத்தார்கள். "மனசாரக் குடுங்க!" என்றாள் ஆவுடையம்மாள்.

மனசாரக் கொடுத்தார்கள். பின்சுவர் ஒருமுறை முனகியது. பிறகு முழுசாக உள்பக்கம் சாய்ந்தது. ஓடுகள் முதலில் ஒன்றொன்றாக விழுந்தன, அப்புறம் எண்ணிக்கை இல்லாமல் விழுந்தன. புழுதி அடங்கியபோது கட்டடத்துக்குள் வெயில் அடித்தது.

பூலுடையார் மேலே பார்த்தார். "இனிமே ஒழுகாது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆவுடையம்மாள் இடிபாடுகளுக்குள் இறங்கிக் கரும்பலகையைத் தேடி இழுத்தாள். நடுவில் பிளந்திருந்தது. பரமு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "யம்மா, நம்ம பள்ளிக்கூடம் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். ஆவுடையம்மாள் பலகையைக் கீழே வைத்தாள். அங்கேயே செங்கல்மேல் உட்கார்ந்து டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், எல்லாரும் தோள் குடுத்தோம். சுவரு வாங்கிக்கிடல" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டீச்சர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். திங்கட்கிழமை அலுவலர் வந்தார். சுற்றிப் பார்த்தார். பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்து முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஓடு ஒழுகினா அது பழுதுபார்ப்பு. அதுக்கு ஊர்ப்பங்கு வேணும், ஆறு மாசம் ஆகும். சுவர் விழுந்தா அது இடிந்த கட்டடம். அதுக்கு வேற கணக்கு. புதுக் கட்டடமே தரலாம், ஊர்ப்பங்கும் வேண்டாம். மூடவும் முடியாது. அதுவரைக்கும் சமுதாயக் கூடத்துல நடத்துங்க. அவங்க சேர்த்த பணத்துக்கு பெஞ்சு, டெஸ்க் வாங்கிக்கோங்க." குரலைத் தாழ்த்தினார். "இவங்க விவரமான ஆளுங்கம்மா. சட்டம் தெரிஞ்சவங்க."

இருபது நாளில் கடிதம் வந்தது. டீச்சர் டவுனில் பயிற்சி வகுப்பில் இருந்ததால் தபால்காரர் அதை ஆவுடையம்மாளிடம் கொடுத்தார். பரமு எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "புதிய கட்டடத்துக்கான நிதி ஒதுக்கப்பட்டுள்ளது. பத்தாம் தேதி கருவூலத்திலிருந்து விடுவிக்கப்படும்."

குழு உடனே கூடியது.

"ஒதுக்கிட்டாகளாமே" என்றாள் ஆவுடையம்மாள். "பாவம், என்ன தப்பு செஞ்சுதோ?"

"ஒதுக்கி வச்சதோட விட்டாகளா? பிடிச்சு உள்ள போட்டிருக்காக. கருவூலத்தை நான் பாத்திருக்கேன். கம்பிக்கதவு. வாசல்ல துப்பாக்கிப் போலீசு" என்றார் வெயிலுமுத்து.

"பத்தாம் தேதி விடுதாகள்லா."

"விடுத அன்னைக்கு வாசல்ல கூப்பிட ஒரு ஆள் இல்லைன்னா அது மனசு என்ன பாடுபடும்? நமக்காக வர்றது" என்றார் பூலுடையார்.

பத்தாம் தேதி காலையிலேயே மாலை, இளநீர், புது வேட்டியோடு பதினோரு பேர் கருவூல வாசலில் நின்றார்கள். மத்தியானம் வரை யாரும் சரியாகப் படவில்லை. ஒன்றரை மணிக்குக் கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாக ஒருவர் தள்ளாடி வெளியே வந்தார். ஓய்வூதியப் பாக்கிக்காக அலைந்துகொண்டிருந்தவர்.

"ஐயா, உள்ள ரொம்ப நாளா இருந்தீகளோ?" என்று ஆவுடையம்மாள் பரிவோடு கேட்டாள்.

"ஆறு மாசம்மா" என்றார் அவர். "இன்னிக்குத்தான் விட்டாங்க."

ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க பேரு?"

"குணநிதி."

"நான் சொல்லல? குணமான நிதி. அநியாயமா உள்ள வச்சிருந்திருக்காக" என்று பூலுடையார் மாலையைப் போட்டார். ஆறு மாதத்தில் குணநிதியிடம் முகம் பார்த்துப் பேசிய முதல் ஆட்கள் இவர்கள்தான். எங்கே, எதற்கு என்று கேட்கத் தோன்றாமல் இளநீரைக் குடித்துக்கொண்டே அவர்கள் வந்த வேனில் அவர் ஏறினார்.

சாயங்காலம் ஆவுடையம்மாளின் போன் அடித்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த சந்தோஷத்தில் டீச்சர் கூவினார்: "ஆவுடையம்மா! நிதி வந்திருச்சு!"

"ஆமா டீச்சர், நாங்கதான் போய்க் கூட்டிட்டு வந்தோம்" என்றாள் ஆவுடையம்மாள், பந்தியில் குணநிதிக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே.

டீச்சருக்குச் சந்தோஷத்தில் அது சரியாகக் காதில் விழவில்லை. "முழுசா வந்திருக்கா? எவ்வளவு வந்திருக்குன்னு பார்த்தீங்களா?"

ஆவுடையம்மாள் இலைமுன் உட்கார்ந்திருந்தவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"முழுசாத்தான் வந்திருக்கு டீச்சர். ஒரு அஞ்சரை அடி இருக்கும்."