மடித்த காகிதத்தில் ஒரு கத்தரிக்காய்

"இன்னும் ஏன் கையெழுத்துப் போடல மேடம்?" என்றார் தேவசகாயம்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் வழிகாட்டியின் கையெழுத்து விழுந்தால் மாலைக்குள் ஒப்படைத்துவிடலாம். விழாவிட்டால் இன்றோடு அவருடைய பதிவு காலாவதி. இனி நீட்டிக்க விதியில்லை என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

எதிரே இருந்த வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிட மிகவும் இளையவர். தேவசகாயம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியபடியே ஆய்வுக்கு வந்தவர். அதனால் இங்கே மாணவர் 'மேடம்' என்பார், வழிகாட்டி 'சார்' என்பார். துறையில் இது பழைய வேடிக்கை.

"டீ குடிச்சீங்களா சார்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"கடைசிப் பத்தியை வாசிங்க."

அவருக்கு அது மனப்பாடம். "இந்த அணுக்கரு தானாக உடையப் பல மாதங்கள் ஆகும். உடையும்போது அது சரிபாதியாக உடையவே விரும்புகிறது."

அந்த அணுக்கருவை இதுவரை யாரும் உண்டாக்கியதில்லை. யுரேனியத்தைவிட வெகு கனமானது. அவருடைய கணினியில் மட்டும் இருக்கிறது. அதை இழுத்து நீட்டி, இடுப்பைச் சிறுக்க வைத்து, இரண்டாகுமுன் எவ்வளவு உயரமான ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும் என்று நிரல் கணக்கிடும். மேடு உயர்ந்தால் ஆயுள் கூடும். இவருடைய மேடு நல்ல உயரம்.

"விரும்புதுன்னு யாரு சொன்னா?"

"கணக்கு சொல்லுது."

மெஹருன்னிசா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். இரண்டாக மடித்தார். மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலைத் தேடி எடுத்து நீட்டினார்.

"ஒரு கத்தரிக்காய் வெட்டுங்க. மடிப்பைப் பிரிக்கக் கூடாது."

"மேடம், அஞ்சு மணிக்கு ஆபீஸ் பூட்டிருவான்."

"சின்னக் காயா வெட்டுங்க."

தேவசகாயம் மடிப்பு காயின் நெடுக்கே வரும்படி தாளைப் பிடித்தார். மெஹருன்னிசா அதைத் திருப்பி வைத்தார்.

"மடிப்பு இடுப்புல வரணும். ஒரு பக்கம் காம்பு, ஒரு பக்கம் வயிறு."

வெட்டினார். விரித்தார். இரண்டு பக்கமும் வயிறு, காம்பே இல்லை.

இன்னொரு தாளை மெஹருன்னிசாவே அதேபோல் மடித்துத் தந்தார். அதையும் தேவசகாயம் வெட்டினார். இரண்டு பக்கமும் காம்பு.

"இதைச் சந்தைக்குக் கொண்டு போனா ஒருத்தன் வாங்க மாட்டான்" என்றார் மெஹருன்னிசா.

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. "மடிச்சு வெச்சுட்டு வெட்டச் சொன்னா எப்படி வரும்? ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வரும்."

"மடிச்சது யாரு?"

"நீங்கதான்."

"இதை நான் மடிச்சேன். உங்க அணுக்கருவை?"

தேவசகாயம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

ஆய்வு தொடங்கிய காலத்தில் கணினி மெதுவாக ஓடியது. ஒரு பாதியை மட்டும் கணக்கிடு, மறுபாதியும் அதேதான் என்று நிரலில் ஒரு வரி எழுதினார். யுரேனியம் பெரிசும் சிறிசுமாக உடையும், சரி. ஆனால் அதைவிடக் கனமான ஃபெர்மியத்தில் ஒரு வகை சரிபாதியாக உடைகிறதே, இதுவும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டார். நேரம் மிச்சமாயிற்று. பிறகு அந்த வரியை மறந்தே போனார்.

கோணலாக உடைய வழிவிட்டிருந்தால் மேடு தாழ்ந்திருக்கலாம். பல மாதங்கள் என்பது ஒரு கண்சிமிட்டலாகச் சுருங்கியிருக்கலாம். அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவே இல்லை.

வீட்டில் 'டாக்டர்' போட்ட பெயர்ப்பலகை செய்தித்தாள் சுற்றியபடி பீரோமேல் கிடந்தது. மகன் முந்திக்கொண்டு எழுதி வாங்கியது.

மெஹருன்னிசா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கொடுங்க சார். ஏடு உங்களோடது. போட்டுடறேன்."

தேவசகாயம் ஏட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஆபீஸ் அந்தப் பக்கம்."

"கம்ப்யூட்டர் ரூமுக்குப் போறேன்."

"பதிவு இன்னையோட முடியுதே."

"முடியட்டும் மேடம். நான் இன்னும் விரிச்சே பார்க்கலையே."