முன்னால் யார் உட்காருவது?

பல ஆண்டுகள் போரிட்டுக் களைத்த இரண்டு ராஜாக்கள் ஒருவழியாகச் சமாதானம் ஆனார்கள். இருவரும் ஒரே படகில் ஆற்றைக் கடந்து, அக்கரைக் கோயிலில் சத்தியம் செய்வதாக ஏற்பாடு. ஆனால் படகில் முன்னால் யார் உட்காருவது என்று மறுபடியும் தகராறு வந்துவிட்டது.

ஒரு ராஜாவின் மந்திரி, ஓடக்காரன் மாரப்பனைக் கூப்பிட்டார். "ரெண்டு பேருமே முன்னால்தான் உட்கார வேண்டும். ஒருவர் பின்னால் போனாலும் உன் தலை இருக்காது."

"அதுக்கென்னங்க சாமி" என்று போனவன், பழைய பரிசல் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"அடேய், ராஜாக்களைக் கூடையிலா ஏற்றுவாய்?"

"வட்டமா இருக்குதுங்க சாமி. இதுல முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல."

மந்திரி பரிசலை ஆற்றில் இறக்கச் சொன்னார். ராஜாக்கள் ஏறினார்கள். நடு ஆற்றில் பரிசல் சுழன்றபோது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கெட்டிக்காரன்டா நீ! இந்த யோசனை எப்படி வந்தது?" என்று ஒரு ராஜா கேட்டார்.

"போர்ல செத்தவங்களை இதுலதாங்க மகாராஜா கரை சேர்த்தேன். ரெண்டு நாட்டு ஆளுங்களும் ஒண்ணாத்தான் கிடந்தாங்க. யாரும் இடத்துக்குச் சண்டை போடல."

சிரிப்பு நின்றது. இருவரும் காலடியில் இருந்த மூங்கில் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அக்கரையில் மேளம் முழங்கியது. முதலில் இறங்க இருவருக்குமே கால் எழவில்லை.